நாளைக்கு நானூறு தடவை

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மரத்தில் இலை அசையவில்லை. பத்தரைக்குக் கரண்ட் போய் ஒன்றரைக்கு வந்தது. சால்டரிங் வேலை முழுக்க மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. கட்டைவிரலில் ஒரு சூடு. பரவாயில்லை.

மணி முடிந்தது. கம்பி இல்லாத மணி.

ஏன் கம்பி இல்லாமல் என்றால் மதாம்தான் காரணம். வீட்டுக்காரம்மா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மனைவி. அவர் போய்ச் சேர்ந்தபின் மாடியில் தனியாக இருக்கிறார், கீழே நாங்கள். சுவரில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். "வெள்ளக்காரன் கட்டுன சொவரு தம்பி. ஒரு ஆணி எறங்குனா ஒரு கூட சுண்ணாம்பு கொட்டும்." தரையோடு ஒயர் இழுத்தால் முற்றத்துத் தண்ணீரில் கிடக்கும். கரண்ட் மணி என்றால் கரண்ட் வேண்டும். ஆக, பேட்டரிக் கட்டையில் ஓடுகிற, கம்பி இல்லாத மணி. வேறு வழி கிடையாது.

அம்மா படுத்திருப்பது முன்னறையில், ஜன்னல் ஓரம், காற்றுக்காக. அப்பா இருப்பது பின்கட்டில், அடுப்படியில். நடுவே முற்றம். முப்பது முப்பத்தைந்து அடி. அம்மாவுக்கு இளைப்பு, சத்தம் போட மூச்சு கிடையாது. அப்பாவுக்குக் காது கிடையாது. இருபத்தாறு வருஷம் மில்லில் தறி ஓட்டி இரண்டு காதும் போச்சு. நான் வேலைக்குக் காலை ஏழு மணிக்குச் சேதராப்பட்டு பஸ் ஏறினால் திரும்ப ஏழு. போன மாதம் அம்மாவுக்கு இழுத்தபோது டம்ளரைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். அப்பா பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறார். இன்னொரு தடவை அப்படி நடக்கக்கூடாது. அவ்வளவுதான் இந்த வேலைக்குக் காரணம்.

சாமான்:
- மதாமின் பேரன் பாரீசிலிருந்து கொண்டுவந்து ஒரே நாளில் உடைத்துப்போட்ட ரிமோட் கார்.
- அதன் ரிமோட் அம்மாவின் தலையணைக்கடியில். 9 வோல்ட் கட்டை ஒன்று. அழுத்தும்போது மட்டும் கரண்ட் இழுக்கும்.
- காரின் உள்சாமானும் மோட்டாரும் சோப்பு டப்பாவுக்குள். பென்சில் செல் நான்கு. மோட்டார் அச்சில் ஒரு பக்கமாக ஈயக்கட்டி வைத்தேன். சுற்றினால் டப்பா முழுக்க அதிரும். காது கேட்காதவருக்கு மணி அடித்து என்ன பயன்? இடுப்பில் அதிரட்டும்.
- டப்பா அப்பாவின் பச்சை பெல்ட்டில்.

சோதனை. அப்பா அடுப்படியில், முதுகு காட்டி. அம்மா அழுத்தினாள். அப்பா ஒரே குதி. வேட்டியை உதறிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தார். "தேளு! தேளு!" அம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இரண்டு பேரையும் திட்டினேன்.

அவசரத்துக்கு மட்டும்தான் அழுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "சரிங்க ஆபீசர்" என்றாள் அம்மா.

கணக்கு: நான் இல்லாத பன்னிரண்டு மணி நேரம் மட்டும் டப்பா ஆன். சும்மா இருக்கும்போது 3 மில்லி ஆம்பியர். பென்சில் செல் பதினாறு நாள் வரும். ரிமோட் கட்டை ஆறு மாசம் அசையாது.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். பஸ்ஸில் நின்றே போய் நின்றே வந்தேன்.

மணி வேலை செய்கிறது. அம்மாவுக்கு இளைப்பு இல்லை.

மதாம் மாடிப்படியில் மறித்தார். "தம்பி, ரேடியோல பாரீஸ் நியூஸ் வரப்பல்லாம் கொர்ரு கொர்ருன்னு கத்துது. நீ இன்னா பண்ண?" நான் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். பொய். ரிமோட் அலை அவர் ரேடியோவில் விழுகிறது. ஆனால் அவசரத்துக்கு மட்டும் அழுத்துகிற பொத்தான் எத்தனை தடவை கொர்ரென்று கத்தும்? அவர் ரேடியோவே கிழம்.

அப்பா வைத்த குழம்பு இன்று வாயில் வைக்க முடிந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை.

வாங்க வேண்டியது: சால்டரிங் பிளக்ஸ், அம்மாவுக்கு மாத்திரை, சைக்கிளுக்கு வால்வ் டியூப்.

ஜூலை 12, சனி

பென்சில் செல் அவுட். ஆறே நாள். பதினாறு எங்கே, ஆறு எங்கே.

மாலையில் டப்பாவைப் பிரித்துப் பார்த்தேன். ஷார்ட் இல்லை. கசிவு இல்லை. 3 மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது. கடையில் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டான் போல. வேறு கடையில் புதுச்செல் நான்கு வாங்கிப் போட்டேன்.

அம்மா கேட்டாள்: "கட்டைய வெயில்ல காய வெச்சா திரும்ப வருமாடா? எல்லாரும் வெக்கிறாங்களே." வராது என்றேன். வோல்டேஜ் கொஞ்சம் ஏறிக் காட்டும், மோட்டாரைப் போட்டால் விழுந்துவிடும் என்று விளக்கினேன். அவள் பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். படுக்கப் போகுமுன் பார்த்தால் பழைய கட்டை நான்கும் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக, நாளைய வெயிலுக்கு.

கவலை என்னவென்றால், நான் இல்லாத நேரத்தில் செல் தீர்ந்திருந்தால்? அம்மா அழுத்திக்கொண்டே இருப்பாள், அப்பா கீரை ஆய்ந்துகொண்டே இருப்பார்.

ஜூலை 14, திங்கள்

பிரெஞ்சுக்காரர்களின் பண்டிகை. மதாம் காலையிலேயே புருஷனின் மெடல்களைப் புடவையில் குத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊரிலுள்ள பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் எல்லாம் கடற்கரையில் அணிவகுப்பு.

மாலை கேக் துண்டோடு கீழே வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்கப்பா தனியா பேசுறார் தம்பி."

"அவரு எப்பவும் சத்தமாத்தான் பேசுவாரு மதாம்."

"நோ நோ. நீ வேலைக்குப் போனப்புறம். அடுப்பங்கரைல நின்னுக்கினு தனியா. 'ரெண்டு கல்லு உப்பு போதுமா?'ங்குறார். யார கேக்குறார்? அங்க ஈ காக்கா கெடையாது. அப்புறம், 'சரி சரி, கோச்சுக்காத'ங்குறார். முந்தாநேத்து தனியா சிரிக்கிறார். எங்க வூட்டுக்கார மிசியேக்கும் கடைசில இப்படித்தான் ஆரம்பிச்சுது."

கேக்கைத் தட்டோடு மூடி வைத்தேன்.

சாப்பிடும்போது அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறார். என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு, "இன்னாடா மொறைக்கிற?" என்று கத்தினார்.

அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்றால் பகலில் அம்மாவை நம்பி யாரிடம் விடுவது? டப்பா இடுப்பில் அதிர்ந்தால் இது எதற்கு என்று அவருக்கு ஞாபகம் இருக்குமா?

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்த கையோடு காற்று. தெருப் புழுதி முழுக்க முன்னறையில். அம்மா இரண்டு தடவை இருமினாள். ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினேன்.

செல் மறுபடி இறங்குகிறது. அப்பா காதில் கத்திக் கேட்டேன், டப்பாவை நோண்டினாயா என்று. "நான் ஏன்டா நோண்டுறேன்? அது பாட்டுக்கு வேலை பாக்குது." புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. அல்லது அப்படித் தோன்றுகிறது.

பிறகு ஒரு யோசனை. ரிமோட் கட்டையை அளந்தேன். போடும்போது 9.3 இருந்தது. இப்போது 8.4. இது அழுத்தினால் மட்டும்தான் குறையும். வேறு எதற்கும் குறையாது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளைக்கு நானூறு தடவை அழுத்தினால்தான் பதினோரு நாளில் இந்த அளவு இறங்கும். பொத்தான் ஒட்டிக்கொள்கிறதா? இல்லை, சுத்தமாகத் திரும்புகிறது.

அம்மாவிடம் கேட்டேன், நாளைக்கு எத்தனை தடவை அழுத்துகிறாய்?

"எப்பவாச்சும்" என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஜூலை 19, சனி

அரை நாள் வேலை. யாரிடமும் சொல்லாமல் நேரே வந்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் சந்துக் கதவு வழியாக முற்றத்துத் தூணுக்குப் பின்னால். சொந்த வீட்டில் திருடன் மாதிரி.

கேட்டது அப்படியே:

அப்பா அடுப்படியிலிருந்து: "கடுகு வெடிச்சிருச்சு! வெங்காயம் போடவா?"

இடுப்பில் டப்பா ஒரு தடவை அதிர்கிறது. கிர்ர்.

"எத்தினி? ரெண்டா?"

கிர்ர்.

"சின்னதா கீது, மூணு போட்டுடறேன்!"

கிர்ர் கிர்ர்.

"வேணாமா? சரி, ரெண்டே. நீயே மகாராணி."

அப்புறம் சடசடவென்று மூன்று. பால் தீய்கிற வாடை முன்னறை வரைக்கும் எட்டியிருக்கிறது. அப்பா திரும்பி, "ஐயோ, பாலு!" என்று மறு அடுப்புக்குப் பாய்ந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்பா கரண்டியோடு முற்றத்துக்கு வந்து, "இன்னா, தூங்கிட்டியா?" என்று கத்தினார். பதில் இல்லை. முன்னறை வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவ்வளவுதான். அடுப்படிக்குள் கால் வைத்ததும் ஒரே ஓர் அழுத்தல். நீளமாக. மூன்று நான்கு விநாடி. அப்பா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நானுந்தான்!"

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மற்றதைக் கேட்டேன். அம்மா ஒத்துக்கொண்டாள். மில்லில் அவளுக்கு அப்பாவின் தறிக்குத் தார், அதாவது நூல் சுற்றிய குழல், கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. தறிச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. பின்னாலிருந்து முதுகில் விரலால் தட்டித்தான் எல்லாம் சொல்லுவார்களாம். ஒன்று என்றால் ஆமாம். இரண்டு, இல்லை. மூன்று, நூல் அறுந்துவிட்டது, ஓடு. நான்கு, மேஸ்திரி வருகிறான். இப்போது மேஸ்திரி என்றால் மதாம்.

"அவருகிட்ட பேசி எத்தினி வருசம் ஆவுது தெரியுமா?" என்றாள். "நான் மூச்சுப் புடிச்சு ஒண்ணு சொல்லுவேன், அது அவருக்குக் கேக்காது. எதுக்குன்னு வுட்டுட்டேன்."

அப்பாவுக்குப் பைத்தியமில்லை. அந்தப் பாரம் இறங்கியது. இறங்கியதுமே கோபம் ஏறியது. நான் சொன்னது: "வெங்காயத்துக்கும் பாலுக்கும் அழுத்தி அழுத்திக் கட்டையத் தீத்துட்டு, மூச்சு முட்டறப்ப என்னத்த அழுத்துவ? இது வெளாட்டுச் சாமான் இல்ல. ஆபத்துன்னா அழுத்து. இல்லன்னா தொடாத." டப்பாவில் புதுச்செல் நான்கு போட்டேன். அப்பாவுக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்.

அப்பா படித்தார். மடித்துப் பெல்ட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்மா ரிமோட்டைத் தலையணைக்கடியில் தள்ளினாள். "சரிப்பா."

ஆபீசர் என்று சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

காற்று. புழுதி. கண் எரிச்சல்.

செல்: நேற்றும் இன்றும் துளி இறக்கம் இல்லை. என் கணக்குச் சரி. பதினாறு நாள் வரும்.

மதாம்: "மெர்சி தம்பி. ரேடியோ இப்ப சுத்தமா வருது. உங்கப்பாவும் அமைதியாயிட்டார், நல்ல வேளை."

குழம்பில் உப்பு இல்லை. ரசத்தில் இரண்டு மடங்கு. மூவரும் அப்படியே சாப்பிட்டோம்.

ஜூலை 23, புதன்

வீடு வந்தபோது கதவு பூட்டு. மாடியிலிருந்து மதாம், "ஓடு தம்பி, பெரிய ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு இழுத்துடுச்சு. ரிக்ஷால ஏத்தி அனுப்புனேன்" என்றார்.

சைக்கிளில் எப்படிப் போனேன் என்று தெரியாது.

அம்மா உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஊசி போட்டு அடங்கியிருக்கிறது. உதடு இன்னும் நீலம். இன்னும் கால்மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார், சின்ன வயசு டாக்டர், அவருக்கும் வியர்த்திருந்தது.

அப்பா வராந்தா பெஞ்சில். பெல்ட்டில் சோப்பு டப்பா. ஸ்விட்ச் ஆன்.

"அது ஆடவே இல்லடா" என்றார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். தன் குரல் தனக்கே கேட்காதவர் எப்படி மெதுவாகப் பேச முடியும்? "பொழுது சாயறப்ப சாதம் கொண்டு போனேன். அப்பதான் பாத்தேன். கண்ணு சொருகிக் கெடக்குறா. அது சும்மா கெடந்துச்சே, நல்லாக்கீறான்னு நெனச்சேன்."

டப்பாவைக் கழற்றிப் பார்த்தேன். செல் நான்கும் நிறைவு. ரிமோட் அம்மாவின் கையில் இருந்ததாம், ஆஸ்பத்திரி வரைக்கும் அதை விடவில்லையாம்.

ஏன் அழுத்தவில்லை என்று கேட்டேன். குழாயோடு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "தானா அடங்கிடும்னு பாத்தேன். சின்னதுக்கெல்லாம் அழுத்தி... கட்ட தீந்துடக் கூடாதுன்னு... நீதான சொன்ன."

நான்தான் சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

லீவ். ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். டெட்டால் வாடை.

தொழிற்சாலையில் அபாய மணி இருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டும் முதல் வேலை அதை அடித்துப் பார்ப்பது. அடிக்காத மணி நன்றாக இருக்கிறதா செத்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. இதை நானே புதுப் பையன்களுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் அதையே தலைகீழாகச் செய்தேன்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தவரை ஐந்து நிமிஷம் டப்பா அசையவில்லை என்றால் அப்பா, "இன்னா, தூங்கிட்டியா?" என்று வந்து பார்ப்பார். தூணுக்குப் பின்னால் நின்று என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் உண்மையான மணி. அதை நான் நிறுத்தினேன். மூன்று நாள் மௌனத்துக்கு அவரைப் பழக்கினேன். நாலாம் நாள் இது.

செல்லைக் காப்பாற்றினேன். பிரமாதம்.

அப்பா பெஞ்சில் தூங்குகிறார், வாய் திறந்து. அம்மா என்னைப் பார்த்து, "போய் எதுனா சாப்புடு" என்று சைகை காட்டுகிறாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு அது வராது. வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. இரவு ஒரு தூறல், புழுதி அடங்கியது.

இன்று முழுக்க மணி வேலை. பென்சில் செல்லைத் தூக்கி எறிந்தேன். அதே 6 வோல்ட்டுக்குப் பெரிய டார்ச் கட்டை நான்கு. நாளைக்கு நானூறு தடவை அழுத்தினாலும் ஒரு மாசம் தாண்டும். கனம்தான் அதிகம். அம்மா படுத்தபடியே பழைய ஜமுக்காளத்தில் ஒரு பை தைத்தாள், பெல்ட்டில் கோர்க்க. அப்பா இடுப்பில் கட்டி ஒரு நடை நடந்து பார்த்தார். "இருபத்தாறு வருசம் தறில நின்ன இடுப்புடா இது. இது ஒரு கனமா?"

அம்மாவிடம் சொன்னேன்: "எவ்வளவு வேணா அழுத்து. வெங்காயத்துக்கு அழுத்து. ஒண்ணுமில்லாததுக்கும் அழுத்து."

"தீந்துடுச்சுன்னா?"

"தீந்தா மாத்துறேன். பின்ன நான் எதுக்கு இருக்கேன்?"

என் வாயில் இவ்வளவுதான் வந்தது. அவள் என் காதைப் பிடித்துத் திருகினாள். வலித்தது. சரியாகிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

சாயந்திரம் ஒரு விஷயம். அம்மா பாத்ரூம் போயிருந்தாள். டார்ச் கட்டை எப்படி இழுக்கிறது என்று பார்க்க நானே ரிமோட்டை எடுத்து ஒரு தடவை அழுத்தினேன். ஒன்றே ஒன்று. அப்பா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார், முற்றத்தில் வழுக்கி, முழங்காலை இடித்துக்கொண்டு. முகத்தில் ரத்தமே இல்லை.

"அவ எங்க? அவளுக்கு இன்னா?"

ஒன்றுமில்லை, நான்தான் அழுத்தினேன் என்று கையைக் காட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. பிறகு கரண்டியால் என் தோளில் ஒரு போடு.

"நெனச்சேன். அவ கை இல்லன்னு தெரிஞ்சுது. ரிமோட்டு கீழ வுழுந்து வேற யாரோ அழுத்துறாங்கன்னு... ஏன்டா இப்பிடிப் பண்ற?"

டெக்னிக்கலாக இது முடியாது. பொத்தான் ஒன்று ஆன், இல்லையென்றால் ஆஃப். மோட்டார் சுற்றும், இல்லையென்றால் நிற்கும். யார் விரல் என்று அலையில் போகாது. அரை விநாடி நீளம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். இதை அப்பாவுக்கு எழுதிக் காட்டப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. முழங்காலுக்கு மஞ்சள் குழைத்துப் போட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

நல்ல காற்று, புழுதி இல்லை. பொது ஷிஃப்ட். சீக்கிரம் வந்துவிட்டேன்.

பராமரிப்பு (நானே செய்ய வேண்டியது, யாரிடமும் விடக்கூடாது):
- தினம் காலை கிளம்புமுன் இரண்டையும் அளக்க.
- டார்ச் கட்டை மாதம் ஒருமுறை மாற்ற, தீர்ந்தாலும் தீராவிட்டாலும்.
- ரிமோட் கட்டை 8-க்குக் கீழே போனால் அன்றைக்கே புதுசு.
- வெயிலில் காயவைத்த கட்டையை அம்மா உள்ளே நுழைக்கிறாளா என்று பார்க்க. (நேற்று ஒன்று பிடிபட்டது.)

மதாமிடம் உண்மையைச் சொன்னேன், கொர்ருக்குக் காரணம் நான்தான் என்று. "கொர்ருன்னு கேட்டா உங்கம்மா உயிரோட கீறான்னு அர்த்தம். பாரீஸ்ல என்ன பெருசா நடந்துடப் போவுது? இருக்கட்டும்" என்றார். நியூசை மட்டும் தவிர்க்க முடியுமா என்று கேட்கவும் கேட்டார். அம்மாவிடம் சொல்கிறேன் என்றேன். அம்மா முடியாது என்றுவிட்டாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே காற்று நன்றாக இருக்கிறது. முற்றத்திலிருந்து அப்பாவுக்கு நான் தெரிவேன், அம்மாவுக்குத் தெரியமாட்டேன். கீழே டப்பா அதிர்கிறது. அப்பா அண்ணாந்து பார்க்கிறார்.

"கீறான்! படில குந்தி எதையோ எழுதிக்கினு கீறான்!"

கிர், கிர்ர்ர், கிர். அம்மா சொன்ன கணக்கில் இல்லாத தாளம்.

"கோவமால்லாம் இல்ல! மூஞ்சியே அப்படித்தான் அவனுக்கு!"

கிர்ர்.

"சரி சரி, சாப்பாடு போட்டுக் கூப்புடறேன்! நீ அத அழுத்துறத நிறுத்து, இடுப்பு கூசுது!"

கிர்ர்ர்ர்ர்ர்